கட்டடத்துக் கூட்டில் குஞ்சுகள்: எங்கிருந்து, எதை வைத்துப் படம் எடுப்பது?

ஜன்னல் சன்ஷேடில் மாடப்புறா, ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னால் மைனா, பால்கனிக் கம்பியில் தொங்கும் தேன்சிட்டுக் கூடு, மொட்டைமாடிச் சரளையில் ஆட்காட்டி, உயரமான கோபுரத்தின் விளிம்பில் பொரி வல்லூறு. நாம் கட்டியதையெல்லாம் பாறையாகவும் மரப்பொந்தாகவும் எடுத்துக்கொள்ளும் பறவைகள் நிறைய. குஞ்சு பொரித்துவிட்டது என்று தெரிந்த நிமிடமே கை கேமராவுக்குப் போவது இயல்பு. காட்டுக்குள் தேடி அலைந்தாலும் கிடைக்காத காட்சி பத்தடி தூரத்தில் இருக்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது?

எப்படி எடுப்பது என்பதில்தான் முடிவு தேவைப்படுகிறது. கையை நீட்டி மொபைலில் எடுக்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் நின்று எடுக்கலாம். எதிர்க் கட்டடத்திலிருந்து நீள லென்ஸில் எடுக்கலாம். கூட்டுக்குப் பக்கத்தில் கேமராவை வைத்துவிட்டு ரிமோட்டில் அழுத்தலாம். நிரந்தரக் கேமரா பொருத்தலாம். குஞ்சுகள் வெளியே வரும்வரை காத்திருக்கலாம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கூட்டில் ஏற்கெனவே குஞ்சு இருந்தால் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, அதற்கு வழியில்லையென்றால் தூரத்திலிருந்து நீள லென்ஸ். கூட்டின் உள்ளே நடப்பதைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், பறவை வருவதற்கு முன்பே பொருத்திய கேமரா. மற்றவற்றில் சிலவற்றை அபூர்வமாகச் செய்யலாம், சிலவற்றைச் செய்யவே கூடாது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் குஞ்சின் வயது

எந்தக் கருவி என்று யோசிப்பதற்கு முன் குஞ்சு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். சிட்டுக்குருவிக் குஞ்சு ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கூட்டைவிட்டுப் போய்விடும். மாடப்புறாக் குஞ்சுக்கு ஒரு மாதம் ஆகும். பொரி வல்லூறுக்கும் உழவாரன் குருவிக்கும் ஆறு வாரம் தேவை. கூகைக்கு எட்டு வாரத்துக்கு மேல். இந்தக் காலம் எவ்வளவாக இருந்தாலும் அதை மூன்று பங்காக நினைத்துக்கொள்ளலாம்.

முதல் பங்கில் குஞ்சுக்கு இறகில்லை, பல இனங்களில் கண்ணும் திறந்திருக்காது. தன் உடல் சூட்டைத் தானே காக்க அதற்குத் தெரியாது. தாயோ தந்தையோ மேலே உட்கார்ந்திருப்பதுதான் அதற்குப் போர்வை, வெயிலில் அதுவே நிழல். சிமெண்ட் விளிம்பில் நேர் வெயில் படும் கூட்டில் பெரியது எழுந்து போய்க் கொஞ்ச நேரம் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் பங்கில் உடம்பெல்லாம் குச்சி குச்சியாக இறகு முளைக்கும், குரல் பலக்கும், பெற்றோர் இரை தேடுவதிலேயே இருக்கும். மூன்று பங்கில் ஓரளவு தாங்கக்கூடியது இதுதான். கடைசிப் பங்கில் குஞ்சு பார்ப்பதற்கு முழுப் பறவை மாதிரி இருக்கும், ஆனால் பறக்க வராது. இந்த நேரத்தில் அருகில் ஏதாவது அசைந்தால் அது கூட்டைவிட்டுக் குதித்துவிடும். புதரில் இருக்கும் கூடென்றால் இரண்டடி கீழே விழும். கட்டடத்தில் என்றால் நாலாவது மாடியிலிருந்து தெருவுக்கு.

அதனால் முதல் பங்கிலும் கடைசிப் பங்கிலும் கிட்டே போகும் எந்த வழியும் வேண்டாம். கூகை மாதிரியான ஆந்தைகளில் இந்தக் கணக்கும் முழுசாக உதவாது. கூகை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொரு முட்டையாக இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கவும் தொடங்கிவிடும். ஒரே கூட்டில் மூத்தது குதிக்கத் தயாராக நிற்கும், கடைக்குட்டி இன்னும் பஞ்சு உருண்டையாகக் கிடக்கும். அங்கே எப்போதும் தூரம்தான் சரி.

கையை நீட்டி மொபைலில்

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். செல்ஃபி ஸ்டிக்கில் மாட்டிக் கூட்டுக்கு மேலே நீட்டுவதும் இதே வகைதான். படமும் உடனே கிடைக்கும்: மூன்று நான்கு குஞ்சுகள் கழுத்தை நீட்டி, செக்கச் சிவந்த வாயைத் திறந்து கேமராவைப் பார்க்கும். பார்ப்பவர்கள் ‘எவ்வளவு அழகு’ என்பார்கள்.

அந்தப் படத்தில் நடப்பது வேறு. கண் திறக்காத குஞ்சு, கூடு லேசாக அதிர்ந்தாலும் வாயைத் திறக்கும். கண் திறந்த குஞ்சு, மேலே நிழல் விழுந்தாலே திறக்கும். இரை வந்துவிட்டது என்று அது நம்புகிறது. எல்லா வாயும் மொபைலை நோக்கித் திறந்திருக்கிறது என்றால், பெற்றோர் அங்கே இல்லை, மொபைல் கூட்டுக்கு மிக அருகில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. கொஞ்சம் வளர்ந்த குஞ்சுகளிடம் இந்தப் படமும் கிடைக்காது. அவை பயம் அறிந்துவிடும், தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

பட அளவிலும் இதில் பெரிய லாபமில்லை. மொபைலின் பிரதானக் கேமரா அகலக் கோணம், முழுச் சட்டகக் கணக்கில் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சாரில்) சுமார் 24 முதல் 26 மிமீ. அவ்வளவு கிட்டே வைத்தால் முன்னால் இருக்கும் அலகு பூதாகாரமாகவும் உடம்பு சுருங்கியும் தெரியும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பார்கள். வாசனையை வைத்துக் குஞ்சைத் தள்ளிவைக்கும் வழக்கம் இந்தப் பறவைகளுக்கு இல்லை. இறகில்லாத குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் எடுத்துக் கூட்டில் வைப்பதுதான் நல்லது. நாம் அஞ்ச வேண்டியது, பெற்றோர் வராமல் கழியும் நேரத்தை. அடுத்தது காகம். நாம் அடிக்கடி போய் எட்டிப்பார்க்கும் இடத்தைக் காகமும் பார்க்கும். நாம் நகர்ந்த பிறகு அது வந்தால் அந்தக் கதை அன்றோடு முடிந்தது.

நமக்கும் ஆபத்து உண்டு. பறவைப் படங்களுக்குப் பெயர்பெற்ற எரிக் ஹாஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூடு ஒன்றின் அருகே தாக்கப்பட்டு ஒரு கண்ணை இழந்தார். கூரையில் கூடு வைக்கும் கடற்காகமும், விளிம்பில் குஞ்சு வைத்திருக்கும் வல்லூறும், பருந்தும் தலையைக் குறிவைத்துப் பாயும். மாடி விளிம்பில் நின்றுகொண்டு பாய்ச்சலைத் தவிர்க்கக் குனிந்தால் எங்கே போய் நிற்போம் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வழியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

கண்ணாடிக்குப் பின்னால்

கூடு ஜன்னலுக்கோ பால்கனிக் கதவுக்கோ அருகில் இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. அந்தப் பறவை உங்களைப் பார்த்துப் பழகித்தான் அங்கே கூடு வைத்திருக்கிறது. உள்ளே நடமாட்டம் அதற்குப் புதிதல்ல. புதிதாக எதையும் செய்யாமல் இருப்பதுதான் நம் வேலை.

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். உள்ளே இருட்டும் வெளியே வெளிச்சமும் இருந்தால் பறவைக்கு நாம் தெரிய மாட்டோம், கண்ணாடியில் நம் பிரதிபலிப்பும் விழாது. லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்க ரப்பர் ஹூட் உதவும். அது இல்லையென்றால் கறுப்புத் துணியை லென்ஸைச் சுற்றிப் பிடித்தாலே போதும். மொபைல் என்றால் அப்படியே கண்ணாடியில் சாய்த்துவிடலாம். முடிந்தவரை கண்ணாடிக்கு நேராக எடுக்க வேண்டும், சாய்கோணத்தில் எடுத்தால் படம் மங்கும். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போடலாம் என்று தோன்றும். கெட்டிப்படுத்திய கண்ணாடியாக இருந்தால் அது வானவில் திட்டுகளைக் காட்டி வேலையைக் கெடுத்துவிடும். கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைக்கலாம். வெளிப்பக்கத்தைக் கூடு காலியாகும்வரை தொட வேண்டாம்.

கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் அதைப் போடுங்கள். ஃபோகஸைக் கூட்டின் விளிம்பில் ஒருமுறை வைத்துப் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் அது ஜன்னல் கம்பியையும் கொசுவலையையும் தேடிக்கொண்டே இருக்கும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ட்ரைபாடில் மொபைலை வைத்து 4கே வீடியோ ஓடவிடுவது இங்கே நல்ல யோசனை. அதிலிருந்து வெட்டியெடுக்கும் ஒவ்வொரு சட்டகமும் ஏறத்தாழ 8 மெகாபிக்சல். நீங்கள் அறையைவிட்டே போய்விடலாம்.

தேன்சிட்டுக் கூட்டை இப்படிப் பார்க்கும்போது என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். பெண் பறவை நேராகக் கூட்டுக்கு வராது. முதலில் பக்கத்துக் கொடியில் உட்காரும், இரண்டு பக்கமும் பார்க்கும், அப்புறம்தான் வாசலில் தொற்றும். அலகில் சின்னச் சிலந்தி இருக்கும். ஊட்டி முடித்ததும் உடனே போகாது, தலையைச் சாய்த்து ஒரு கணம் காத்திருக்கும். உள்ளே குஞ்சு திரும்பிப் பின்பக்கத்தை வாசலுக்குக் காட்டும். வெள்ளையாக, மெல்லிய தோல் மூடிய எச்சப் பை வெளியே வரும். தாய் அதை அலகில் கவ்விக்கொண்டு தூரப் பறந்துவிடும். கூடு சுத்தமாக இருப்பது இதனால்தான். ஊட்டும் படம் எல்லோரிடமும் இருக்கும். அந்தக் காத்திருக்கும் கணத்தை எடுத்தவர்கள் குறைவு. ஊட்டியவுடன் கேமராவை இறக்காமல் இருந்தால் போதும், அது உங்களுக்குக் கிடைக்கும்.

மாடப்புறாவுக்கும் இந்த வழிதான். புறாக் குஞ்சு வாயைத் திறந்து காத்திருக்காது. தன் அலகைப் பெற்றோரின் வாய்க்குள் நுழைத்து, தொண்டைப்பையில் சுரக்கும் பாலைக் குடிக்கும். இரண்டு தலைகளும் சேர்ந்து மேலும் கீழும் குலுங்கும் அந்தக் காட்சிக்கு ஷட்டர் வேகம் கொஞ்சம் கூடவே வேண்டும், 1/500 நொடியைவிட மெதுவாக வைத்தால் மங்கலாகிவிடும். தாயும் தந்தையும் இரண்டுமே பால் ஊட்டும்.

எதிர்க் கட்டடத்திலிருந்து நீள லென்ஸ்

கூடு நம் ஜன்னலில் இல்லை, சுவரின் உயரத்தில் இருக்கிறது. அப்போது தூரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எவ்வளவு லென்ஸ் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: லென்ஸின் குவியத் தூரத்தை, குஞ்சு இருக்கும் தூரத்தால் வகுங்கள். 600 மிமீ லென்ஸ், 20 மீட்டர் தூரம் என்றால் 0.03. அதாவது 10 செமீ குஞ்சு சென்சாரில் 3 மிமீ உயரம் விழும். பல மாற்று லென்ஸ் கேமராக்களில் இருக்கும், முழுச் சட்டகத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் சுமார் 16 மிமீ. ஆகப் படத்தின் ஐந்தில் ஒரு பங்கு. வெட்டிப் பெரிதாக்கினால் நல்ல படம். வளர்ந்த கூகைக் குஞ்சென்றால் பாதிக்கு மேல் நிறையும். மொபைலில் இருக்கும் 5 மடங்கு டெலிஃபோட்டோ சுமார் 120 மிமீக்குச் சமம். அதே தூரத்தில் அதே சின்னக் குஞ்சு படத்தின் நாற்பதில் ஒரு பங்குதான் வரும். புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான்.

இங்கே மூன்று கருவிகள் போட்டியிடுகின்றன. மாற்று லென்ஸ் கேமராவில் 500, 600 மிமீ லென்ஸ் படத்தரத்தில் முதலிடம், குறிப்பாகக் காலை மாலை மங்கலில். ஆனால் எடை அதிகம், எதிர்க் கட்டடத்தின் படிக்கட்டு ஜன்னலில் நிற்க இடம் இல்லாமல் திணறும். சூப்பர் ஜூம் கேமரா, அதாவது லென்ஸைக் கழற்ற முடியாத வகை, 2000 மிமீக்குச் சமமான தூரம்வரை இழுக்கும். சென்சார் சின்னது என்பதால் வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். மூன்றாவது, பறவை பார்க்கும் தொலைநோக்கியில் மொபைலைப் பொருத்துவது. 26 மிமீ மொபைலை 30 மடங்குத் தொலைநோக்கியில் வைத்தால் 780 மிமீ கிடைக்கிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் குஞ்சுக்கு அருமை. இரையோடு பாய்ந்து வரும் வல்லூறை அதில் பிடிக்க முடியாது.

கட்டடத்துக் கூடுகளுக்கு மட்டும் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சூப்பர் ஜூமைத்தான் சொல்வேன். கூடு ஓரிடத்தில் இருக்கிறது, குஞ்சு அங்கேயேதான் இருக்கப்போகிறது, வெளிச்சம் நல்ல நேரம் எது என்று ஒரு நாள் கவனித்தாலே தெரிந்துவிடும். பறக்கும் பறவையைத் துரத்தும் வேலை இல்லாதபோது அந்தச் சின்ன சென்சாரின் குறை அவ்வளவாக உறுத்தாது.

கருவியைவிட நிற்கும் இடம் முக்கியம். தரையிலிருந்து அண்ணாந்து எடுத்தால் கூட்டின் அடிப்பக்கமும் இரண்டு அலகு நுனியும்தான் வரும். கூட்டுக்குச் சம உயரத்தில் அல்லது கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். எதிர்க் கட்டடத்துப் படிக்கட்டு ஜன்னலோ தண்ணீர்த் தொட்டி மாடியோ பொருத்தமாக இருக்கும். அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். இன்னொன்று, கூட்டை நோக்கித் திருப்பும் நீள லென்ஸ் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலையும் நோக்கித்தான் திரும்புகிறது. அந்த வீட்டாரிடம் முன்பே சொல்லி, எடுத்த படத்தைக் காட்டிவிட்டால் பெரும்பாலும் அவர்களே கூட்டுக்குக் காவலாகிவிடுவார்கள்.

நண்பகலில் எடுக்காதீர்கள். சூடேறிய கூரைக்கும் சுவருக்கும் மேலே காற்று நெளியும். நீள லென்ஸ் அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் இறகு இறகாகத் தெரியாது. லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் காலையில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இந்த வழியால் என்ன சாத்தியம் என்பதற்கு நியூயார்க்கின் பேல் மேல் என்ற செவ்வால் பருந்து நல்ல உதாரணம். 1990களில் அது ஐந்தாம் அவென்யூவில் 927 எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் பன்னிரண்டாவது மாடி விளிம்பில் கூடு வைத்தது. 1995இல் அங்கே குஞ்சுகள் பொரித்தன. சாலைக்கு எதிரே சென்ட்ரல் பார்க்கில் தொலைநோக்கியும் லென்ஸுமாக மக்கள் நின்று அந்தக் குடும்பத்தை ஆண்டாண்டாகப் பார்த்தார்கள், படமெடுத்தார்கள். அவர்கள் யாரும் கூட்டின் பக்கம் போகவில்லை. 2004 டிசம்பரில் கட்டட நிர்வாகம் அந்தக் கூட்டை அகற்றியபோது, தூரத்திலிருந்து பார்த்துப் பழகிய அதே கூட்டம் தெருவில் நின்று போராடியது. அந்த மாதமே கூட்டுக்கான தாங்கிகள் திரும்ப வைக்கப்பட்டன.

மறைகூடாரமும் ரிமோட்டும்

மறைவிடம் அமைத்துப் பறவைப் படம் எடுப்பது பழைய கலை. இங்கிலாந்தின் கீர்ட்டன் சகோதரர்கள் 1892இல் முட்டைகளோடு இருந்த பறவைக் கூட்டைப் படமெடுத்தவர்கள். பிற்பாடு உள்ளீடற்ற மாட்டுப் பொம்மைக்குள் ஒளிந்தெல்லாம் எடுத்திருக்கிறார்கள். கட்டடத்தில் இதற்கு அவ்வளவு தேவை வராது, அறையே மறைவிடம். மொட்டைமாடியில் ஆட்காட்டிக்கு மட்டும் பயன்படும். அப்போதும் கூடாரத்தை ஒரே நாளில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. தூரத்தில் வைத்து, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும்.

ஆட்காட்டியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அதன் குஞ்சு பொரித்த ஒரு நாளுக்குள் எழுந்து ஓடத் தொடங்கிவிடும். கூட்டில் குஞ்சுப் படம் என்பதே சில மணி நேர வாய்ப்பு. எச்சரிக்கைக் குரல் கேட்டதும் குஞ்சுகள் சரளையோடு சரளையாக ஒட்டிப் படுத்து அசையாமல் இருக்கும், நாம் மிதித்தாலும் தெரியாது. அதனால் பொரித்த பிறகு மாடியில் நடக்கவே வேண்டாம். மாடிக்கதவின் இடுக்கிலிருந்து எடுங்கள்.

ரிமோட் கேமரா கவர்ச்சியான வழி. சின்ன ஆக்‌ஷன் கேமராவைக் கூட்டுக்கு ஓரடியில் ஒட்டிவிட்டு, வைஃபையில் பார்த்து எடுக்கலாம். கூட்டுக்கு உள்ளேயே இருப்பது போன்ற படம் வரும். ஆனால் வைக்கப் போக வேண்டும், பேட்டரி மாற்றப் போக வேண்டும், திரும்ப எடுக்கப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் கையை நீட்டி எடுப்பதன் அத்தனை தீமையும் உண்டு. கூட்டின் வாசலில் திடீரென்று முளைத்த பெட்டியைப் பெற்றோர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. பழக்கப்பட்ட மாடப்புறா கண்டுகொள்ளாமல் இருக்கலாம். சந்தேகப்படும் இனமென்றால் இரையோடு வந்து எதிரே கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கும்.

அந்த நடத்தையை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள், எந்த வழியில் எடுத்தாலும் உதவும். அலகில் புழுவோடு பறவை வருகிறது, கூட்டுக்குப் போகாமல் பக்கத்தில் உட்காருகிறது, வாலை வெட்டி வெட்டி ஆட்டுகிறது, இடம் மாறி மாறி உட்காருகிறது, சில சமயம் இரையைத் தானே தின்றுவிட்டுப் போய்விடுகிறது. அது உங்களால்தான். சின்னப் பறவைகள் பகல் முழுக்கச் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஊட்டுபவை. நீங்கள் அரை மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தால் குஞ்சுக்கு எத்தனை வேளை போயிற்று என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உடனே விலகிவிடுவதுதான் சரி.

ட்ரோனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம். சத்தத்துக்குப் பெற்றோர் எழுந்துபோகும், வேட்டைப் பறவையென்றால் ட்ரோனைத் தாக்கித் தானும் காயப்படும்.

முன்பே பொருத்திய கேமரா

கூட்டின் உள்வாழ்க்கையை முழுசாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு இது ஒன்றுதான் நேர்மையான வழி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகக் கோபுரத்தில் பறவையியலாளர் டேவிட் லாக் 1948இல் உழவாரன்களை ஆராயத் தொடங்கினார். கோபுரத்தின் காற்றுத் துளைகளுக்குப் பின்னால் பெட்டிகளை வைத்து, அவற்றின் உள்பக்கத்துக்குக் கண்ணாடி போட்டார்கள். பறவை வெளியிலிருந்து வரும், ஆள் உள்ளேயிருந்து பார்ப்பார். அடைகாக்கும்போது தொந்தரவு செய்தால் கூட்டையே கைவிடக்கூடிய பறவை உழவாரன். அதை அவ்வளவு அருகில் பார்க்க முடிந்தது, எல்லாம் முன்னேற்பாடாக இருந்ததால்தான். இங்கிலாந்தின் டெர்பி பேராலயக் கோபுரத்தில் பொரி வல்லூறுகளுக்காக வைத்த கேமராக்கள் இன்னொரு உதாரணம். பகல் வேட்டைக்காரன் என்று நாம் நினைக்கும் அந்தப் பறவை இரவிலும் இரை கொண்டுவருவதை அவை காட்டின. தூரத்து லென்ஸ் எதுவும் அதைக் காட்டியிருக்காது.

இதன் விலை படத்தரம். 1080 பிக்சல் கேமரா என்றால் ஒரு சட்டகம் 2 மெகாபிக்சல்தான். அச்சிட்டு மாட்டும் படம் வராது. கோணமும் ஒன்றே ஒன்று. ஆனால் கதை முழுசாக வரும். முட்டை உடையும் நேரம், பசித்த நள்ளிரவு, முதல் சிறகடிப்பு, எல்லாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. கண்காணிப்புக் கேமராக்கள் சில மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் செய்து வருபவை, கூட்டுப்பெட்டியின் ஒரு சாண் தூரத்துக்குப் பொருந்தாது. லென்ஸைக் கையால் திருகி மாற்றக்கூடிய வகையாக வாங்கி, பெட்டிக்குள் ஒரு பொம்மையை வைத்துச் சரிபார்த்துவிட வேண்டும். இரவுக்கு இன்ஃப்ராரெட் விளக்கு. 850 நானோமீட்டர் விளக்கு மங்கிய சிவப்பாகத் தெரியும், 940 தெரியாது. இரண்டில் 940 மேல். அவ்வளவு அருகில் அந்த வெளிச்சமும் அதிகமாகிவிடும், விளக்கின் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டினால் அடங்கும். மின்சாரமும் படமும் ஒரே நெட்வொர்க் கேபிளில் போகும் வகை நல்லது. 100 மீட்டர்வரை இழுக்கலாம், பேட்டரி மாற்ற ஏற வேண்டியதில்லை. வல்லூறு, பருந்துக் குஞ்சுகள் விளிம்புக்குப் பின்னோக்கி நகர்ந்து எச்சத்தைப் பீய்ச்சியடிக்கும். கேமராவைக் கூட்டின் வெளிவிளிம்பில் வைத்தால் சில நாளிலேயே லென்ஸ் வெள்ளையாகிவிடும், துடைக்கப் போகவும் முடியாது. மேலே, சுவர்ப் பக்கமாக வையுங்கள்.

பறந்த பிறகு எடுப்பது

எல்லா வழியையும்விட எனக்குப் பிடித்தது இதுதான், இதைத் தேர்வாகவே பலர் நினைப்பதில்லை. கூட்டைவிட்ட குஞ்சு மறைந்துபோய்விடுவதில்லை. சிட்டுக்குருவிக் குஞ்சை அதன் பிறகும் ஒன்றிரண்டு வாரம் பெற்றோர் ஊட்டும். ஆந்தைக் குஞ்சுகள் இன்னும் பல நாள் அதே விளிம்பிலும் கைப்பிடிச் சுவரிலும் உட்கார்ந்து கத்தும். வாயோரத்தில் மஞ்சள் மடிப்பு அப்படியே இருக்கும், தலையில் பஞ்சு இறகு இரண்டு துருத்திக்கொண்டிருக்கும். குஞ்சுத்தனம் முழுசாக இருக்கிறது, கூட்டின் இருட்டு இல்லை. திறந்த வெளி, நல்ல வெளிச்சம். தகைவிலான் குஞ்சுகள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்க, தாய் பறந்தபடியே ஒன்றின் வாயில் திணிக்கும் காட்சிக்கு 1/2000 ஷட்டர் வைத்துக் காத்திருங்கள். கூட்டில் எடுக்கும் எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

தரையில் உட்கார்ந்திருக்கும் இறகு முளைத்த குஞ்சை அனாதை என்று நினைத்து எடுத்துப்போக வேண்டாம். பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும். வாகனம் வரும் இடமென்றால் அருகில் ஒரு செடியில் ஏற்றிவிட்டு விலகிவிடலாம். உழவாரன் மட்டும் விதிவிலக்கு. தரையில் விழுந்த உழவாரன் குஞ்சைத் தேடிப் பெற்றோர் வராது, வனவிலங்கு மீட்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது, நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொரி வல்லூறும் கூகையும் தனிப் பட்டியலில் உள்ளவை, அவற்றைக் கூட்டருகே தொந்தரவு செய்வதே குற்றம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கண்ணாடியும் தூரமும் சட்டத்துக்கும் பொருந்தும் வழிகள்.

எடுத்த படத்தை எப்போது போடுவது என்பதையும் இந்த முடிவோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். குஞ்சுகள் பறந்த பிறகு போடலாம். மொபைலில் இடக்குறிப்பு பதிவதை முன்பே அணைத்துவிடுங்கள். பின்னணியில் கட்டடத்தின் பெயர்ப்பலகை தெரிந்தால் வெட்டிவிடுங்கள். ஆந்தை, வல்லூறு என்றால் அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வரும் என்பதால் இடத்தைச் சொல்லவே வேண்டாம்.

கூடு அமைதியாகிவிட்டது என்றவுடன் கேமரா பொருத்தக் கிளம்பிவிடாதீர்கள். மாடப்புறா முந்தைய குஞ்சுகள் கூட்டில் இருக்கும்போதே அடுத்த முட்டையை இட்டுவிடும், சிட்டுக்குருவியும் ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறை குஞ்சு பொரிக்கும். தூரத்திலிருந்து சில நாள் பார்த்து, யாரும் வந்துபோகவில்லை என்று உறுதியான பிறகு அளவெடுங்கள். கேபிள் எந்த வழியாக வரும், வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், லென்ஸுக்கும் கூட்டுக்கும் எத்தனை செமீ என்பதையெல்லாம் அப்போது குறித்துக்கொண்டால் அடுத்த பருவம் தொடங்குவதற்குள் எல்லாம் அதன் இடத்தில் இருக்கும்.